புதுப்பிப்பு: ஆலைக் கணினியில் மட்டும் பூட் ஆகாத பென்டிரைவ்

நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி ஆலையின் பழைய கணினியில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் போல ஒரு இலவச இயங்குதளம்) பென்டிரைவ் பூட் ஆகவில்லை, அதாவது அதிலிருந்து கணினி தொடங்கவில்லை, அதுவே என் லேப்டாப்பில் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது.

பென்டிரைவ் மேல் பழியில்லை. ரூஃபஸில் (பூட் பென்டிரைவ் தயாரிக்கும் மென்பொருள்) ஜிபிடி என்ற புதிய பகிர்வு முறையில், யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் புதிய வகை உள்நிரல்) உள்ள கணினிகளுக்கு மட்டும் எழுதியது அது. ஆலையில் இருப்பதோ அதே வேலையைச் செய்யும் பழைய வகையான பயாஸ். அது டிரைவின் முதல் செக்டாரில், அதாவது முதல் 512 பைட்டில், பூட் நிரலைத் தேடும். அந்த முதல் செக்டாரில் பூட் நிரலை வைக்கும் பழைய எம்பிஆர் முறையில் மறுபடி எழுதியதும் இரண்டிலும் ஓடியது.

இன்னொரு இடக்கு: பயாஸின் பூட் வரிசையில் (எதிலிருந்து முதலில் தொடங்குவது என்ற பட்டியல்) யூஎஸ்பி என்றே எதுவும் தெரியவில்லை. பென்டிரைவைச் செருகிவிட்டு ஆன் செய்தால், ஹார்டு டிஸ்க் பட்டியலுக்குள் இரண்டாவதாக ஒளிந்திருக்கிறது! மேலே ஏற்றிவிட வேண்டும். முன்பக்க போர்ட்டில் தவிட்டுத் தூசி, பின்பக்கம்தான் நம்பகம்.

செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பம் இல்லாத பூட் நிரலைத் தடுக்கும் வசதி) அணைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி, இந்தக் கிழத்தில் அது கிடையாது. விண்டோஸ் போடுபவர்கள் மட்டும் கவனியுங்கள்: இன்ஸ்டால் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் பென்டிரைவின் ஃபேட்32 கோப்பு முறை ஏற்காது.

குறுவை நெல் வருவதற்குள் பில் போட ஆரம்பித்துவிடலாம் என்கிறார் கணக்குப்பிள்ளை. பிரிண்டர் இன்னும் பாக்கி, அதற்குத் தனியாக எழுதுகிறேன்.