ஓர இழை மட்டும் அறுந்துகொண்டே இருக்கிறது, உதவுங்கள்

புதுத்தறி: வீட்டில் மேசைத் தறியில் துண்டு நெய்கிறேன். பாவில், அதாவது நீளவாக்கில் கட்டிய நூலில், ஓரத்து இழைகள் அறுந்துகொண்டே இருக்கின்றன. காலையிலிருந்து பதினோரு முடிச்சு போட்டாயிற்று. என்ன செய்வது? அவசரம்.

செல்லூர்த்தெரு: என்ன நூல்? மெல்லிசா தடிப்பா, எத்தனையாம் நம்பர்? ஒற்றையா, முறுக்கிய இரட்டையா? கஞ்சி போட்டீர்களா?

வைகைக்கரை: வெயில்தான் காரணம். சித்திரையில் மதுரைக் காற்று பட்டால் பருத்தி காய்ந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டு, தறிக்கு அடியில் ஈரச் சாக்கு விரியுங்கள்.

பழையதறி: அச்சில், அந்த இழை கோக்கும் சீப்பில், அங்குலத்துக்கு எத்தனை இழை என்றுகூட எழுதாமல் கேட்டால் யார் சொல்ல முடியும்? முதலில் நாலு மாதம் தார்க்குச்சியில் நூல் சுற்றிப் பழகுங்கள். நாங்கள் அப்படித்தான் கற்றோம்.

புதுத்தறி: மன்னிக்கவும் ஐயா. 20ஆம் நம்பர் ஒற்றை நூல், அங்குலத்துக்கு 28 இழை. கஞ்சி போடவில்லை.

செல்லூர்த்தெரு: ஒற்றை நூலுக்குக் கஞ்சி இல்லாமல் ஆகாது. நொய்யைக் குழையக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் இல்லையென்றால் இழை விறைத்து ஒடியும்.

வைகைக்கரை: கஞ்சி எதற்கு? தண்ணீர் தெளித்தாலே போதும்.

பழையதறி: தண்ணீர் பட்டால் நூல் நைந்துவிடும்.

வைகைக்கரை: நைவது ரேயான். பருத்தி நனைந்தால் வலு கூடும்.

பழையதறி: எனக்கே ரேயானா? இரும்பு அச்சில் ஈரம் பட்டுத் துரு ஏறினால் வெள்ளைத் துண்டு என்னாகும்? அதைச் சொல்லுங்கள்.

ஊடைக்காரி: சரி, அச்சு அப்புறம். கஞ்சி மட்டும்தான் குறை என்றால் நடு இழையும் அறவேண்டுமே? அறுந்த நுனி எப்படி இருக்கிறது? அச்சில் பாவின் அகலம் எவ்வளவு, நெய்த துணி எவ்வளவு?

புதுத்தறி: நுனி பஞ்சாகப் பிரிந்திருக்கிறது. அச்சில் 16 அங்குலம், துணி பதினாலேகால்.

ஊடைக்காரி: அதேதான். ஊடையை, அந்தக் குறுக்கு நூலை, இழுத்துப் பிடிக்கிறீர்கள். துணி உள்வாங்குவதால் ஓர இழை சாய்ந்துபோய், அச்சால் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் பல்லில் உரசித் தேய்கிறது. ஊடையைக் கொண்டுபோகும் நாடாவை விட்டதும் ஊடையை நேராக இழுக்காதீர்கள். நடுவில் வில்லாக வளைத்துவிட்டு அப்புறம் அடியுங்கள், அந்த வளைவு துணிக்குள் அடங்கிவிடும். அடுத்த பாவில் இரண்டு ஓரத்திலும் நாலைந்து இழையை இரட்டையாகக் கோத்துக்கொள்ளுங்கள்.

பழையதறி: துருவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புதுத்தறி: ஒரு சாண் நெய்தேன். ஒரே ஒரு இழைதான் அறுந்தது. அகலம் 15 நிற்கிறது. அடுத்த பாவுக்குக் கஞ்சியும் போடுகிறேன். நன்றி அக்கா.