கடலோரப் பெருநகரங்களில் நல்ல சாப்பாட்டுக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நண்பர்களே, வணக்கம். குடும்பத்தோடு சில கடலோரப் பெருநகரங்களுக்கு அடுத்தடுத்துப் போகவிருக்கிறோம். கடைப் பெயர்களைவிட, எந்த ஊரிலும் கைகொடுக்கும் வழிகளைத்தான் கேட்கிறேன்.

மீனை முழுசாகக் கண்ணில் காட்டும் கடை என்றால் எனக்குக் கவலை இல்லை. கண் தெளிவாகத் துருத்தி நிற்கணும், செவுள் சிவப்பாக இருக்கணும், விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் சதை எழும்பணும். நல்ல மீனில் கடல் வாசம் வரும், கவிச்சி அடிக்காது. ஆனால் துண்டு போட்டு, மசாலா தடவி வைத்துவிட்டால் எதை வைத்துச் சொல்வது? சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களைச் சரியாகக் குளிரில் வைக்காவிட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்குக் கெடுதல் செய்யும் வேதிப்பொருள் சேரும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. அதனால்தான் இதில் இவ்வளவு கவனம்.

அப்புறம், என் மகளுக்கு இறால், நண்டு ஒவ்வாமை. இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனையும் போட்டால் அவளுக்கு ஆபத்து. ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை வெளியே சாப்பிட அழைத்துப் போகிறவர்கள், சமையலறையில் இதை எப்படிக் கேட்டு உறுதி செய்கிறீர்கள்? மொழி தெரியாத ஊரில் என்றால் எழுதிக் காட்டுவீர்களா?

கடற்கரையை ஒட்டிய கடைகளில் காட்சிக்குத்தான் காசு என்று நினைக்கிறேன். மீன்பிடித் துறைமுகம், மீன் சந்தை பக்கம் வேலை செய்கிறவர்கள் மதியம் சாப்பிடும் இடங்களைத் தேடுவது சரியான வழிதானா? அங்கே குழந்தைகளோடு உட்கார வசதி இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.