கவர்னரைக் கழற்றுவதா, விடுவதா? மருந்தடிக்கும் எஞ்சினில் பிள்ளைகளுக்கு ஒரு கோ-கார்ட்

முதலமடை மாந்தோப்பு:
மாமரங்களுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த எச்.டி.பி. ஸ்பிரேயரின் எஞ்சின் ஒன்று மோட்டார் அறையில் சும்மா கிடக்கிறது. ஹோண்டா ஜி.எக்ஸ். 160, 163 சிசி. இழுத்தால் கிளம்புகிறது, ஆனால் நீலப் புகை கக்குகிறது, எண்ணெய் குடிக்கிறது. இதைப் புதுப்பித்துப் பிள்ளைகளுக்குக் கோ-கார்ட் செய்துகொடுக்கலாம் என்று இறங்கிவிட்டேன். பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 9. ஃபிரேமை கோவிந்தாபுரத்தில் வெல்டிங் செய்து வாங்கியாகிவிட்டது. சக்கரங்களுக்குப் பழைய ஸ்கூட்டரின் 3.50-10 டயர்கள். ஓட்டும் இடம் தேங்காய் காயவைக்கும் சிமெண்டுக் களம்; 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம்.

எஞ்சினைப் பிரிக்கும்போதே கவர்னரை, அதாவது எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தை, எடுத்து எறிந்துவிடச் சொல்லி மச்சான் ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேகப்பித்தன் (கோவை):
உங்கள் மச்சான் பக்கம்தான் நான், அண்ணா. கல்லூரியில் கோ-கார்ட் அணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கவர்னர் நீர் இறைப்பதற்கும் மருந்தடிப்பதற்கும் வைத்தது. சுமை ஏறினாலும் இறங்கினாலும் சுழற்சியை ஒரே அளவில் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. ஓட்டுபவனுக்கு அது எதிரி. காலை அழுத்தினால் உடனே வராது, யோசித்துவிட்டு வரும். நிமிடத்துக்கு 3600 சுற்றில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கழற்றி, காற்று வடிகட்டியை மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் 5500 வரை தாராளமாகப் போகும். அதற்கு மேல் வால்வு ஸ்பிரிங்கே விடாது, அதுவே ஒரு கட்டுப்பாடு. செயின் ஓடும் பல்சக்கரம், அதாவது ஸ்பிராக்கெட், 6-க்கு 1 வைத்துக்கொள்ளுங்கள்; எஞ்சின் 6 சுற்றுச் சுற்றினால் அச்சு 1 சுற்று. கார்ட்டுக்கு அதுதான் வழக்கம்.

இன்னொன்று. கோ-கார்ட் பிறந்ததே இப்படித்தான். 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் செய்த முதல் கார்ட்டில் இருந்தது புல்வெட்டும் இயந்திரத்துக்காகச் செய்த எஞ்சின். அன்று அவர் பயந்திருந்தால் இன்று இந்த விளையாட்டே இல்லை.

லேத் பட்டறை, பொள்ளாச்சி:
மாற்றுவது அப்புறம். முதலில் எஞ்சின் எஞ்சினாக இருக்க வேண்டும். தோப்பில் ஓடியது என்கிறீர்கள், புழுதி தின்றிருக்கும். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, அதைத் தாண்டி கார்புரேட்டருக்குப் போகும் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் செம்மண் வந்தால் போர், அதாவது சிலிண்டரின் உள்துளை, தேய்ந்திருக்கிறது என்று அப்போதே எழுதிக்கொள்ளலாம்.

சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுக் குறைகிறது என்று பதற வேண்டாம். இந்த எஞ்சினின் கேம் தண்டில் தானியங்கி டீகம்ப்ரெஷர் இருக்கிறது. கயிறு இழுக்கும் வேகத்தில் அது வால்வைச் சற்றுத் திறந்துவிடும், கேஜ் எப்போதும் குறைத்தே காட்டும். பிரித்து அளப்பதுதான் சரி. போர் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 45. மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்மானம் எல்லைக்குள் இருந்தால் உள்சுவரை லேசாகத் தேய்த்து (ஹோனிங்) பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டால் போதும். மீறியிருந்தால் துளையைக் கடைந்து பெரிதாக்கி, 0.25 மில்லிமீட்டர் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போட வேண்டியதுதான்.

வால்வை அதன் இருக்கையில் படியும்படி தேய்த்து (லேப்பிங்), குளிர்ந்த நிலையில் உள்வால்வுக்கு 0.15, வெளிவால்வுக்கு 0.20 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்கள். பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டுக்கு 12 நியூட்டன் மீட்டர் இறுக்கம், ஹெட் போல்ட்டுக்கு 24. ராடின் அடியில் கரண்டிபோல ஒரு நீட்டல் இருக்கும். எண்ணெயை அள்ளித் தெளிப்பது அதுதான். ஆயில் பம்பு என்று தனியாக ஒன்று இதில் கிடையாது. அதைத் திசை மாற்றி மாட்டிவிட்டு ஓட்டினால் எஞ்சினே போய்விடும், இந்தப் பேச்சே தேவைப்படாது.

மருந்தடித்த எஞ்சின் என்பது உங்கள் நல்ல நேரம். தண்ணீர் பம்பு எஞ்சின் என்றால் தண்டின் முனை மரையாக இருக்கும், கிளட்ச் ஏறாது. உங்களுடையது பெல்ட் புல்லி போட்ட தண்டு, சாவிக்கட்டை இருக்கும்.

கவர்னரைப் பற்றிப் பிறகு வருகிறேன். தம்பி 6-க்கு 1 என்று சொன்னாரே, எந்த டயருக்குச் சொன்னார்?

எக்ஸ்.எல். ஓட்டி:
எதற்கு இவ்வளவு பாடு? கோவை உக்கடத்தில் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் எஞ்சின் கிடைக்கும். 69.9 சிசி, கிளட்ச் உள்ளேயே இருக்கிறது, பல்சக்கரக் குறைப்பும் உள்ளேயே. தூக்கி மாட்டி ஓட்டலாம்.

லேத் பட்டறை, பொள்ளாச்சி:
அது வண்டி ஓடும்போது எதிரே அடிக்கும் காற்றில் குளிர்வது. இருக்கைக்குப் பின்னால் வைத்துக் களத்தில் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இவருடைய எஞ்சினில் தண்டின் முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலிலேயே விசிறி இருக்கிறது, நின்ற இடத்திலும் குளிரும்.

சித்தூர் டீச்சர் (பாலக்காடு):
லேத் அண்ணன் கேட்ட கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. வேகப்பித்தன் சொன்ன விகிதம் மொத்த விட்டமே 10 அங்குலமான சிறு டயருக்கு. அந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.8 மீட்டர் உருளும். 3600-ஐ 6-ஆல் வகுத்தால் அச்சு நிமிடத்துக்கு 600 சுற்று. மணிக்கு 29 கிலோமீட்டர். இவரிடம் இருப்பது ஸ்கூட்டர் டயர். 10 அங்குல ரிம், மேலும் கீழும் மூன்றரை மூன்றரை அங்குலம். விட்டம் 17 அங்குலம், ஒரு சுற்றுக்கு 1.36 மீட்டர். அதே 6-க்கு 1 விகிதத்தில், கவர்னர் இருக்கும்போதே 49 கிலோமீட்டர் வேகம் வரும். கவர்னரைக் கழற்றி 5500-க்கு ஏற்றினால் 75.

75 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 21 மீட்டர். களத்தின் நீளம் 40 மீட்டர். 9 வயதுப் பெண் அதில் என்ன செய்வாள் என்று நீங்களே சொல்லுங்கள், தம்பி.

வேகப்பித்தன் (கோவை):
டயர் அளவை நான் கவனிக்கவில்லை என்பது உண்மை, டீச்சர். ஆனால் அது ஸ்பிராக்கெட்டின் பிரச்சினை, கவர்னரின் பிரச்சினை அல்ல. நடுவே ஒரு தண்டு வைத்து இரண்டு கட்டமாகக் குறைக்கட்டும். முதல் கட்டம் 10 பல்லுக்கு 30, அடுத்தது 10 பல்லுக்கு 40. மொத்தம் 12-க்கு 1. இப்போது 5500-ல் ஓடினாலும் 37 கிலோமீட்டர்தான் வரும். வேகமும் அடங்கியது, இழுவையும் கிடைத்தது, எஞ்சினும் மூச்சுவிடும். இதில் என்ன தவறு?

இன்னும் சொல்கிறேன். மினி வகுப்புப் பந்தயங்களில் உங்கள் பையன் வயதுப் பிள்ளைகள் ஓட்டும் 60 சிசி எஞ்சின்கள் பத்தாயிரம் சுற்றைத் தாண்டுகின்றன. அங்கே பிள்ளைகள் ஓட்டத்தானே செய்கிறார்கள்? கோவைக்கு அருகில் இருந்துகொண்டு வேகத்தைக் கண்டு நடுங்குகிறோம். செட்டிபாளையத்தில் பந்தய ஓட்டுநர் கரிவரதன் பெயரில் 2003-லேயே பந்தயத் தடம் வந்துவிட்டது. நாராயண் கார்த்திகேயன் இந்த ஊரிலிருந்துதான் ஃபார்முலா ஒன்றுக்குப் போனார்.

லேத் பட்டறை, பொள்ளாச்சி:
நாராயண் கார்த்திகேயன் மருந்தடிக்கும் எஞ்சினில் போகவில்லை, தம்பி.

12-க்கு 1 நல்ல யோசனை. அதை மறுக்கவில்லை. கிளட்சுக்கும் அது நல்லது. சுழலும் வேகத்தில் தானாகப் பிடிக்கும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் 1800, 2000 சுற்றில்தான் பிடிக்கும். விகிதம் போதாவிட்டால் வண்டி நகர்வதற்குள் வழுக்கி வழுக்கிக் கருகிவிடும். பிள்ளைகள் ஒரு காலை பிரேக்கிலும் மறு காலை ஆக்சிலரேட்டரிலும் வைத்து விளையாடுவார்கள், அதில் இன்னும் சீக்கிரம் போகும்.

இனி கவர்னர். பந்தய எஞ்சினின் ராட் எஃகு, கிராங்கில் ஊசி பேரிங். இந்த எஞ்சினின் ராட் அலுமினியம், பேரிங்கே கிடையாது, அலுமினியம் நேராக கிராங்கின் மேல் உரசுகிறது. ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். கவர்னரைக் கழற்றுகிறவர்கள் அமெரிக்காவிலும் ஃப்ளைவீலையும் ராடையும் ஒரே உலோகக் கட்டியில் கடைந்தெடுத்ததாக மாற்றிவிட்டுத்தான் கழற்றுகிறார்கள். அந்தச் செய்தி மட்டும் நம் ஊர் காணொளிகளில் வருவதில்லை.

சித்தூர் டீச்சர் (பாலக்காடு):
எவ்வளவு கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுழலும் பொருளில் வரும் இழுவிசை சுழற்சியின் இருமடி விகிதத்தில் ஏறும். 3600-லிருந்து 5500 என்பது ஒன்றரை மடங்குதான், ஆனால் ஃப்ளைவீலைப் பிய்க்கும் விசை 2.3 மடங்கு. அது சுழல்வது குழந்தையின் முதுகுக்குப் பின்னால், மெல்லிய தகட்டு மூடிக்குள்.

37 கிலோமீட்டர் என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்வதையும் ஏற்கமாட்டேன். பிள்ளைகளுக்கு அதில் பாதியே போதும். 19-ல் போகும் வண்டியை நிறுத்தப் பிடிக்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு 37-க்கு வேண்டும்.

வேறொன்றை யாருமே பேசவில்லை. 2018-ல் ஹரியானாவின் பிஞ்சோரில், பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் கோ-கார்ட் ஓட்டிய இளம்பெண்ணின் தலைமுடி சக்கரத்தில் சிக்கி அவர் இறந்துபோனார். சுழலும் பாகங்கள் எல்லாம் அங்கே மூடப்பட்டிருந்தால் அது நடந்திருக்காது. இந்த வீட்டிலும் ஒரு பெண் ஓட்டப்போகிறாள். செயின், நடுத்தண்டு, பின் அச்சு மூன்றுக்கும் மூடி போடாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. சடையைச் சட்டைக்குள் விட்டு, மேலே ஹெல்மெட். துப்பட்டாவுக்கு அந்த வண்டியில் இடமே இல்லை.

வேகப்பித்தன் (கோவை):
மூடி போடுவதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் டீச்சர் சொல்வதுபோல 19-ல் சுற்றினால் பையன் ஒரு மாதத்தில் அலுத்துப்போய்க் கைபேசிக்குத் திரும்பிவிடுவான். கவர்னர் இருக்கும்வரை ஆக்சிலரேட்டரை அளந்து மிதிக்கக் கற்றுக்கொள்ள மாட்டான், எஞ்சினே எல்லாவற்றையும் அவனுக்காக முடிவு செய்யும். களம் சிறிதென்றால் தோப்புக்கு வெளியே தார்ச் சாலை இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வரப்போகிறார்கள்?

சித்தூர் டீச்சர் (பாலக்காடு):
மோட்டார் வாகனச் சட்டத்தில் அடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி அமைத்த வாகனத்துக்குத்தான் விலக்கு. சாலையில் ஏறினால் அது பதிவில்லாத மோட்டார் வாகனம், ஓட்டுவது சிறுவன். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி அப்பாவுக்கு 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ஞாயிற்றுக்கிழமைக்கு அதில் சலுகை இல்லை.

லேத் பட்டறை, பொள்ளாச்சி:
தம்பி, கவர்னர் இருந்தால் மிதி தாமதமாக வேலை செய்கிறது என்றீர்கள். கேபிளை எங்கே கட்டினீர்கள்? பெரும்பாலோர் கார்புரேட்டரின் பட்டாம்பூச்சி வால்வுக்கு நேராகக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் கால் இழுக்க, அந்தப் பக்கம் கவர்னர் இழுக்க, எஞ்சின் விம்முகிறது என்கிறார்கள். கேபிள் கட்ட வேண்டியது கவர்னர் ஸ்பிரிங்கை இழுக்கும் நெம்புகோலில். மிதித்தால் ஸ்பிரிங் இறுகும், அந்த இறுக்கத்துக்கு ஏற்ற சுழற்சி வரும். காலை எடுத்தால் இறங்கிவிடும். பிள்ளைக்கும் கால் பழகும்.

அந்த நெம்புகோல் போய் முட்டும் இடத்தில் சிறு திருகு ஒன்று இருக்கும். அதிக வேகம் இவ்வளவுதான் என்று நிறுத்துவது அதுதான். ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். 12-க்கு 1 விகிதத்தில் அதை 2800-ல் நிறுத்தினால் டீச்சர் கணக்குப்படி 19 கிலோமீட்டர். பையன் தேறியதும் 3600 வரை விடலாம், 24.5-க்கு மேல் போகாது. கவர்னரைக் கழற்றினால் இந்தத் திருகும் போய்விடும். பட்டாம்பூச்சிக்கு ஒரு தடை வைத்தாலும் சுமை இல்லாதபோது எஞ்சின் அலறத்தான் செய்யும். செயின் கழன்று விழுந்த அந்த நொடியில் கேட்க ஆள் இருக்காது.

முதலமடை மாந்தோப்பு:
மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். திருகு விஷயம் வந்ததும் பேச்சு நின்றது. கவர்னர் இருக்கட்டும். இரண்டு சந்தேகங்கள். வளைவில் திரும்பும்போது எஞ்சின் தானாக அணைந்துவிடும் என்கிறார்களே? பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால், பழைய எஞ்சினுக்கு ஆகுமா?

லேத் பட்டறை, பொள்ளாச்சி:
எண்ணெய் குறைந்தால் எஞ்சினை அணைக்கும் சென்சார் உள்ளே இருக்கிறது. வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும்போது அது ஏமாந்து அணைக்கும். பலர் அதன் கம்பியைப் பிடுங்கிவிடுகிறார்கள். உங்கள் வேகத்துக்கு அப்படிப் பிடுங்கத் தேவைப்படாது. 0.6 லிட்டர் சரியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்கு முன் குச்சியை எடுத்துப் பாருங்கள்.

எத்தனாலுக்குப் பழைய ரப்பர் குழாய் ஊதிப் பிசுபிசுத்துப் போகும், புதிதாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் டேங்கில் மாதக்கணக்கில் பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள். ஜெட்டை மாற்ற அவசரம் வேண்டாம். ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் மட்டும் ஒரு அளவு பெரிதாகப் போடலாம்.

அணைக்கும் சுவிட்ச் ஒன்று ஸ்டீயரிங்கில், இன்னொன்று நீங்கள் நிற்கும் பக்கத்திலிருந்து எட்டும்படி வண்டியின் பின்னால். காயிலிலிருந்து வரும் கறுப்புக் கம்பியை உடலோடு தொடவைத்தால் எஞ்சின் நின்றுவிடும். சுவிட்சின் வேலை அவ்வளவுதான்.

வேகப்பித்தன் (கோவை):
எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல எஞ்சினைத் திரும்பவும் மருந்தடிக்கும் எஞ்சினாகவே ஆக்கிவிட்டீர்கள். பையனுக்கு 15 வயதாகும்போது கடைந்த ராடும் ஃப்ளைவீலும் நானே வாங்கித் தருகிறேன் அண்ணா, அப்போதும் இந்தத் திருகைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பீர்களா பார்க்கிறேன்.

லேத் பட்டறை, பொள்ளாச்சி:
ஃப்ளைவீலும் ராடும் வந்தால் நானே கழற்றித் தருகிறேன், தம்பி. தோப்புக்காரரே, நடுத்தண்டுக்கு 20 மில்லிமீட்டர் எஃகு எடுத்து வையுங்கள். 40 பல் ஸ்பிராக்கெட்டை பைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்; கிடைக்காவிட்டால் தகட்டில் வெட்டித் தருகிறேன். சிலிண்டரையும் பிஸ்டனையும் தனித்தனியாகத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை நாள், அன்றைக்கு மட்டும் வர வேண்டாம், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.