எல்எம்ஐஏ கையில் இருக்கிறது, ஆளை அழைக்க முடியவில்லை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மிசிசாகாவில் சிறிய உலோகப் பட்டறை நடத்துகிறேன். நிரந்தர வேலைக்கு ஒரு வெல்டர் தேவை. கனடாவின் தொழில் பட்டியலில் அதன் குறியீடு 72106. அரசின் வேலை வங்கித் தளத்திலும் வேறு இரு வழிகளிலும் நான்கு வாரங்களுக்கு மேல் விளம்பரம் செய்தேன். வந்தவர்களில் டிக் (TIG) வெல்டிங் தெரிந்தவர் எவருமில்லை.

நான் தேர்ந்தெடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர். வயது 38, நல்ல அனுபவம், ஆங்கிலத்தில் சிஎல்பி (கனடிய மொழித்திறன் அளவுகோல்) 7. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி கூட்டாட்சி அரசிடம் வாங்கும் அனுமதிதான் எல்எம்ஐஏ. நிரந்தர வசிப்புரிமைக்கு மட்டுமான எல்எம்ஐஏ 2025 தொடக்கத்தில் கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் 25 அன்று, புள்ளிகளை வைத்து நிரந்தர வசிப்புரிமைக்கு அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை வாய்ப்புக்கான புள்ளிகளை நீக்கிவிட்டார்கள். நம்பியிருந்த 50 புள்ளிகள் போயின. கூட்டாட்சித் திறன் தொழிலாளர் திட்டத்தில் தகுதி இன்னும் இருக்கிறது, அழைப்புதான் வரவில்லை.

இந்த வகை எல்எம்ஐஏவை வைத்து வேலை அனுமதி கேட்க முடியாது. கைத்தொழிலாளரை மட்டும் அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி சுற்றுகளுக்குக் காத்திருந்தோம், அவை அரிதாகவே வருகின்றன. மாகாணத்தின் தொழில் தகுதிச் சான்றிதழ் வாங்கினால் புள்ளி கூடும் என்றார் ஓர் ஆலோசகர். அதற்கு அவர் இங்கே வந்து தேர்வு எழுத வேண்டும். வரவைப்பதற்குத்தானே இந்தப் பாடு! புள்ளிக்காகப் பிரெஞ்சு படிக்கவும் சொன்னார்கள். பகல் முழுவதும் வெல்டிங் செய்பவரிடம் அதை எப்படிக் கேட்பது?

மிஞ்சியவை இரண்டு: எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 600 புள்ளி தரும் மாகாண நியமனம் (மாகாண அரசின் பரிந்துரை), அல்லது வேலை அனுமதிக்கும் சேர்த்துப் புதிய எல்எம்ஐஏ.

வெளிநாட்டில் இருக்கும் வெல்டரையோ வேறு கைத்தொழிலாளரையோ ஒன்ராறியோவுக்கு அழைத்த முதலாளிகளே, இவ்விரண்டில் எது உங்களுக்கு முதலில் பலித்தது?