"இது என்ன?" என்பதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி: தடம், குரல், கேமரா அனுபவப் பகிர்வு

வழிநடை:
தடம் பார்ப்பவர், பறவை ஆய்வாளர், தவளை தேடுபவர் என்று யாரோடு காட்டில் நடந்தாலும் முதலில் "இது என்ன?" என்றுதான் கேட்கிறோம். பெயர் கிடைத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. "எதை வைத்துச் சொல்றீங்க?" என்று கேட்டால்தான் அவர் கண் எங்கே போனது என்று தெரியும். அப்படிக் கேட்டு வாங்கிய அடையாளங்களையும், அவை ஏமாற்றும் இடங்களையும் எழுதுங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம்.

தடம்தேடி:
"நகம் பதிந்தால் நாய், பதியாவிட்டால் பூனை" என்பது பாதி உண்மை. கைதேர்ந்தவர்கள் நகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். வழுக்கும் சேற்றில் சிறுத்தையும் நகத்தை ஊன்றும். சிவிங்கிப்புலியின் நகம் முழுதாக உள்ளே போகாது, அதனால் அதன் தடத்தில் நகம் தெரியும். இறுகிய மண்ணிலோ நாயின் நகம்கூடப் பதியாமல் போகும்.

அவர்கள் முதலில் பார்ப்பது உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பு. அது மூன்று மேடாக இருந்தால் பூனை இனம். அடுத்தது விரல்கள். நம் நடுவிரல் போல ஒன்று மட்டும் முந்தி நின்றால் பூனை. அந்த முந்திய விரல் வலப்பக்கம் இருந்தால் அது இடது கால், இடப்பக்கம் இருந்தால் வலது கால். நாய்த் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். திண்டுக்கும் விரல்களுக்கும் இடையில் எழும் மண் பெருக்கல் குறி மாதிரி தெரியும்.

படம் எடுக்கும்போது அளவுகோலைத் தடத்தின் பக்கத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். சாய்ந்து எடுத்தால் நீளம் பொய் சொல்லும். உச்சிவெயிலில் விளிம்பு தெரியாது. உடம்பால் நிழல் போட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு மேடும் எழுந்து நிற்கும்.

அச்சு எடுக்க, ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்). தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். மெதுவாகக் கலக்குங்கள், வேகம் காட்டினால் குமிழி வரும். தடத்தைச் சுற்றி அட்டை வளையம் ஊன்றி, கரண்டியின் மேல் விழுந்து வழியுமாறு ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் மெல்லிய விளிம்பு அந்த இடத்திலேயே கரைந்துவிடும். அரை மணி நேரமாவது தொடாதீர்கள். மண்ணைக் கழுவுவது மறுநாள் போதும்.

இரவுக்கண்:
தடம்தேடி அண்ணே, ஒன்று சேர்க்கிறேன். ஒரே புலியின் தடம் ஈரச் சேற்றில் விரியும், நுண்மணலில் சுருங்கும். பின்கால் முன்கால் தடத்தின் மேல் விழுந்தால் இரண்டும் கலந்து ஒரே பெரிய தடமாகத் தெரியும். அதனால் தடத்தை வைத்து "எந்தப் புலி" என்று சொல்வது ஆபத்து. இந்தியாவில் பல பத்தாண்டுகள் புலிக் கணக்கெடுப்பு இதைத்தான் நம்பியிருந்தது. ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலியே மிஞ்சவில்லை என்பது 2005இல் வெளிவந்த பிறகுதான் தேசிய அளவில் முறை மாறியது. புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களிலேயே கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் கேமராப் பொறி (விலங்கு கடக்கும்போது தானாகப் படம் எடுக்கும் கேமரா) வைத்து, வரிகளைக் கொண்டு தனித்தனிப் புலியாகப் பிரித்துக் காட்டியிருந்தார்.

வலப்பக்க வரியும் இடப்பக்க வரியும் வேறு வேறு. அதனால் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வேண்டும். நேருக்கு நேர் வைத்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கடிக்கும். கொஞ்சம் விலக்கி வையுங்கள். புலி, சிறுத்தைக்கு உயரம் சுமார் 40 முதல் 50 செ.மீ. கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தால் வெயில் நேராக அடிக்கும். முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால் காற்றாடும் புல்லே ஆயிரம் படம் எடுத்துத் தள்ளும். உணரி பார்ப்பது சூட்டு வித்தியாசத்தை. கடும் வெயிலில் தரையும் விலங்கின் உடம்பும் ஒரே சூட்டில் இருந்தால் கண்முன்னே கடந்தாலும் படம் விழாது. "படம் இல்லை, ஆகவே விலங்கு இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். பழைய பேட்டரியும் புதியதும் கலக்கவே கூடாது. தேதியும் நேரமும் சரிபார்க்காத கேமராவின் படம் பாதிப் பயன்கூடத் தராது.

கரிச்சான்:
குரலுக்கு வருவோம். குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலி கழுகு என்று காட்டுகிறது, மரத்தில் இருப்பதோ துடுப்புவால் கரிச்சான். அது மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பேசும். குரல் நிபுணரிடம் இதைக் கேட்டால், "அடுத்து என்ன கூப்பிடுதுன்னு பொறுத்துப் பாருங்க" என்பார்கள். ஒரே கிளையிலிருந்து ஒரு நிமிடத்தில் நாலு பறவையின் குரல் வந்தால் பேசுவது ஒரே பறவையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பதிவை வேவ் கோப்பாகச் சேமியுங்கள். சுருக்கிய கோப்பில் நுணுக்கம் போய்விடும். கூடுகட்டும் காலத்தில் பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது தப்பு. குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடி வரும்.

நீரோடை:
தவளையைப் பிடித்துக் காட்டச் சொல்லாதீர்கள். கையில் கொசு விரட்டியோ வெயில் பூச்சோ இருந்தால் அதன் தோல் வழியே உள்ளே போகும். ஒரு ஓடையிலிருந்து அடுத்த ஓடைக்குப் போகும்முன் செருப்பு, பூட்ஸின் சேற்றைத் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். தவளையின் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை ஈரத்தில் பயணம் செய்யும், காய்ந்தால் சாகும். உலகம் முழுக்கப் பல தவளை இனங்களை அழித்தது அதுதான்.

வழிநடை:
குறிப்பேட்டில் கோடு போட்டு மூன்று நெடுவரிசையாகப் பிரியுங்கள்: கண்ணால் பார்த்தது, நிபுணர் சொன்னது, நாமே ஊகித்தது. மூன்றும் கலந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. பென்சில்தான் நல்லது, மழையில் மை கரையும். படத்தைப் பகிரும்முன் அதிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். உயிரினப் படங்களைப் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தைத் தானாகவே மறைக்கும். வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் முழுக் கோப்பாக (டாக்குமெண்ட்) அனுப்பினால் கூட்டின் இடம் அப்படியே கூடப் போகும்.