எந்த விரிவாக்கத்தில் வகுப்புகள் உண்மையிலேயே சமமாக இருந்தன?

வாள்முனை (கேள்வி)

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இணைய ஆட்டத்துக்குத் திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டகிளிசம் விரிவாக்கத்தின் காலத்தில் விட்டுவிட்டேன். அப்போது வாரியர் ஆடினேன். இப்போது பார்த்தால் 13 வகுப்புகள் (கதாபாத்திர வகைகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பிரிவுகள், பிரிவுகளுக்குள் திறன் மரங்கள் என்று தலை சுற்றுகிறது.

பழைய ஆட்கள் எல்லோரும் பர்னிங் குருசேட்தான் பொற்காலம் என்கிறார்கள். அன்றைக்குப் பல பிரிவுகள் சேதப் பட்டியலில் (யார் எவ்வளவு அடித்தார் என்ற கணக்கில்) தேறவே இல்லை என்று சொல்பவர்களும் அதே ஆட்கள்தான். இரண்டும் எப்படி உண்மையாகும்? வகுப்புச் சமநிலை எந்த விரிவாக்கத்தில் உருப்படியாக இருந்தது? இன்றைக்குத் தொடங்குகிறவர் பட்டியலைப் பார்த்து வகுப்பை எடுக்க வேண்டுமா, பிடித்ததை எடுத்தால் போதுமா? வாரியரைத் தூசி தட்டுவதா, ஆசைப்பட்டபடி ஷாமன் தொடங்குவதா என்று இரண்டு மனமாக இருக்கிறேன்.

பச்சைநெருப்பு

மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா. 2012-இல் அது வந்தபோது பாண்டாக் கரடியைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஏராளம். வார்லாக் ஆடியவர்கள் சிரிக்கவில்லை. மூன்று பிரிவுகளுக்கும் மூன்று வேறு வளங்களைக் கொடுத்தார்கள்: அஃப்லிக்‌ஷனுக்கு ஆன்மத் துண்டுகள், டிஸ்ட்ரக்‌ஷனுக்குக் கனல் துண்டுகள், டெமனாலஜிக்கு அசுரச் சீற்றம். பிரிவை மாற்றினால் வேறு வகுப்பையே ஆடுவதுபோல இருந்தது. 5.2 பேட்சில் (இடைக்காலப் புதுப்பிப்பில்) பச்சை நெருப்புக்கான தனித் தேடல் வந்தது. பிளாக் டெம்பிளுக்குள் துணைக்கு யாரும் இல்லாமல் கன்ரெதாடை எதிர்கொள்ள வேண்டும். அவன் வரவழைக்கும் பெரிய அசுரனை நாமே அடிமைப்படுத்தி அவன் மேலேயே ஏவலாம். வார்லாக் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

லீஜியனில் அதையெல்லாம் கலைத்துவிட்டார்கள். மூன்று பிரிவுக்கும் மறுபடி ஒரே ஆன்மத் துண்டு. டீமன் ஹன்ட்டர் வருகிறது என்பதற்காக டெமனாலஜியின் உருமாற்றத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். புதிய வகுப்பு வருகிறது என்று விளம்பரம் பார்த்தாலே யாரிடமிருந்து எதை எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

நான்குடோட்டம்

நான் ஷாமன் கட்சி. நடுநிலையான பதில் தேவையென்றால் கீழே யாராவது எழுதுவார்கள்.

சமநிலை என்றதும் எல்லோரும் சேதப் பட்டியலைத் திறக்கிறார்கள். நான் பார்ப்பது அதை அல்ல. ரெய்டுக்கு (பலர் சேர்ந்து பாஸ் என்ற பெரிய எதிரியை வீழ்த்தும் சண்டைக்கு) ஆள் எடுக்கும்போது என் வகுப்பை விட்டுவிட்டால் அந்தக் குழுவுக்கு எதுவும் குறையுமா? குறையும் என்றால் பட்டியலில் நான் பத்தாவதாக நின்றாலும் எனக்குக் கவலை இல்லை. எதுவுமே குறையாது என்றால் முதலிடத்தில் இருந்தும் பயனில்லை. அடுத்த பேட்சில் அந்த எண்ணைக் குறைத்துவிட்டால் என்னை எடுக்க எந்தக் காரணமும் மிஞ்சாது. உங்கள் முதல் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

2004-இல் வந்த மூல ஆட்டத்தில் சமநிலை இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆட்டத்தின் இரு தரப்புகளில் ஷாமன் ஹோர்டுக்கு மட்டும், பாலடின் அலையன்ஸுக்கு மட்டும். பாஸ் மீது ஒரே நேரத்தில் 16 தீய விளைவுகள்தான் (நாம் எதிரி மேல் போடும் சாபம் போன்றவை) நிற்கும். நாற்பது பேர் அடிக்கும் இடத்தில் 16 எந்த மூலைக்கு? ஷேடோ பிரீஸ்ட் தன் வலிச் சாபத்தைப் போட்டால், அதைவிடப் பயனுள்ள வேறொன்று உதிர்ந்துபோகும். அதனால் அவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள், அல்லது சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பாலடினுக்கு எதிரியைத் தன் பக்கம் இழுக்கும் திறனே அப்போது கிடையாது. அவர் டேங்க் செய்கிறேன் (எதிரியின் அடியை முன்னின்று தாங்குகிறேன்) என்றால் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

2007 ஜனவரியில் பர்னிங் குருசேட் வந்தது. ரெய்டு 25 பேராகச் சுருங்கியது, இரு தரப்புக்கும் ஷாமனும் பாலடினும் கிடைத்தார்கள். ஷாமன் தரையில் நடும் டோட்டத்தின் பலன் மட்டும் அவரவர் ஐவர் குழுவைத் தாண்டாது. ரெய்டுத் தலைவருக்குப் பாஸை வீழ்த்துவதைவிட ஐந்து குழுக்களைப் பிரித்து உட்கார வைப்பது பெரிய வேலை. வாரியரும் ரோகும் இருக்கும் குழுவில் என்ஹான்ஸ்மென்ட் ஷாமன், மேஜ்களோடு எலிமென்டல், ஹீலர்களின் மானா (மந்திர ஆற்றல்) தீராமல் பார்க்க ரெஸ்டோரேஷன். தாக்கும் வேகத்தைச் சிறிது நேரம் கூட்டும் பிளட்லஸ்டும் அப்போது சொந்தக் குழுவுக்கு மட்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குழுவுக்கு ஒருவர் வேண்டும், மொத்தம் ஐந்து குழுக்கள்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எங்கள் வேலை தெரியாது. காற்று டோட்டம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். கூடுதல் அடி தரும் விண்ட்ஃப்யூரியை நட்டால் அதன் பலன் தோழர்களின் ஆயுதத்தில் சுமார் பத்து விநாடி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் கிரேஸ் ஆஃப் ஏர் டோட்டத்தை மாற்றி நட வேண்டும். பலன் தீரும் முன் மறுபடி விண்ட்ஃப்யூரி. சண்டை முடியும்வரை இப்படியே மாற்றி மாற்றி நட்டுக்கொண்டிருப்போம், இடையில் நாமும் அடிக்க வேண்டும், பாஸ் நகர்ந்தால் எல்லா டோட்டங்களையும் ஒவ்வொன்றாக மறுபடி ஊன்ற வேண்டும். மானா கண்ணெதிரே வடியும். மானாவை மீட்டுத் தரும் ஷாமனிஸ்டிக் ரேஜ் மட்டும் இல்லாவிட்டால் பாதிச் சண்டையிலேயே வற்றிப்போய் நின்றிருப்போம். இவ்வளவுக்கும் பிறகு பட்டியலில் ரோக் எனக்கு மேலே இருப்பார். அவருடைய எண்ணில் ஒரு பங்கு என்னுடையது என்று அவருக்கும் தெரியும். அந்த விரிவாக்கத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் விடுவது இதை நினைத்துத்தான்.

2008 நவம்பரில் ராத் ஆஃப் த லிச் கிங். வகுப்பைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள் என்பது வடிவமைப்பாளர்களின் அப்போதைய கொள்கை. நல்ல எண்ணம்தான். அதற்காக டோட்டப் பலனை ரெய்டு முழுவதற்கும் பரவவிட்டார்கள், ஒரே பலனைப் பல வகுப்புகளுக்குப் பங்கிட்டார்கள். முதல் வீர வகுப்பாக டெத் நைட் 55-ஆம் நிலையிலேயே வந்து இறங்கியது. மூன்று திறன் மரங்களில் எதை எடுத்தாலும் அவரால் டேங்க் செய்ய முடிந்தது. அவர் ஒரு கொம்பை ஊதினால் என் நில டோட்டத்தின் வேலை நடந்துவிடும். அவருடைய பனி நகத் திறன் இருந்தால் விண்ட்ஃப்யூரியும் தேவையில்லை. இரண்டும் சேர்ந்து பலிக்காது. பிளட்லஸ்ட் 25 பேருக்கும் பரவியதால் ரெய்டுக்கு ஒரே ஷாமன் போதும் என்றாயிற்று. கேட்டகிளிசத்தில் மேஜுக்கும், வேட்டைக்காரரின் ஒரு விலங்குக்கும்கூட அதே திறன் போனபோது அந்த ஒருவரும் கட்டாயமில்லை. எண்கள் என்னவோ முன்னைவிட நன்றாகத்தான் இருந்தன. 3.2 பேட்சில் நான்கு டோட்டங்களையும் ஒரே விசையில் நடும் வசதிகூடக் கொடுத்தார்கள். வசதி வந்தது, அவற்றை நட வேண்டிய அவசியம் போய்விட்டது.

பண்டாரியாவைப் பச்சைநெருப்பு சொல்லிவிட்டார். வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனாரில் கோட்டை காத்ததைத் தவிரச் சொல்ல அதிகம் இல்லை.

எனக்குக் கோபம் வருவது அதற்குப் பிந்தைய மூன்று விரிவாக்கங்கள் மீது. லீஜியன் 2016, பேட்டில் ஃபார் அசெராத் 2018, ஷேடோலேண்ட்ஸ் 2020. வகுப்பின் மேல் ஒரு கூடுதல் சக்தியை ஏற்றி, விரிவாக்கம் முடிந்ததும் அதைக் கழற்றி எறிகிற முறை. லீஜியனின் லெஜண்டரிகள் (மிக அரிய, சக்திவாய்ந்த அணிகலன்கள்) குலுக்கலில் வந்தன. ஒருவருக்குச் சேதத்தை வெகுவாக உயர்த்தும் வளையம், அதே பிரிவை அதே திறமையோடு ஆடுகிற இன்னொருவருக்கு உயிர்க் கவசம் மட்டும் தரும் பிரைடாஸ் மாலை. ஒரே பிரிவைச் சேர்ந்த இருவரே சமமாக இல்லாதபோது வகுப்புகளின் சமநிலையை எதை வைத்துப் பேசுவது? ஷேடோலேண்ட்ஸ் இன்னும் மோசம். நான்கு கூட்டணிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு திறன். கதைக்காக வென்திர் மாளிகையில் சேர ஆசைப்பட்டவரை, உன் பிரிவுக்குக் கைரியன்தான் சரி என்று கணக்குக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மாறவேண்டுமென்றால் தண்டனை வேறு. 2021 நவம்பரில் 9.1.5 பேட்ச் வந்துதான் தடையின்றி மாற விட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்த ஒன்று.

டிராகன்ஃபிளைட் 2022-இல் திறன் மரங்களைத் திருப்பித் தந்தது. கழற்றி எறிய எதையும் மேலே ஏற்றவில்லை. அதற்காகவே அதை மதிக்கிறேன். 2023 ஜூலையில் டிராகன் வகுப்பான எவோக்கருக்கு ஆக்மென்டேஷன் என்று ஒரு பிரிவு வந்தது. மற்றவர்களின் சேதத்தை உயர்த்துவதே அதன் தொழில். என் பழைய வேலையை ஒரு டிராகனுக்குக் கொடுத்துவிட்டார்கள்! யாருடைய அடி யாருடைய கணக்கு என்று பதிவுகளை ஆராய்கிறவர்களே திணறிப்போனார்கள். உயர்ந்த சாவிகளில் (மிதிக் பிளஸ் என்ற ஐவர் நிலவறைகளின் கடின நிலைகளில்) அது இல்லாத குழுவைப் பார்ப்பதே அரிதாயிற்று.

ஆக, உங்கள் கேள்விக்கு என் விடை: எண்களில் சமம் என்றால் டிராகன்ஃபிளைடும் அதற்குப் பிந்தையதும். வகுப்புக்கென்று ஒரு வேலை இருந்தது என்றால் பர்னிங் குருசேட்.

இரும்புக்கரடி

மேலே எழுதியவர் சுகமாக எழுதிவிட்டார். ஐந்து ஷாமன் கட்டாயம் என்றால் அந்த இடங்களில் வந்திருக்க வேண்டிய ஐந்து பேர் வெளியே நின்றார்கள் என்று பொருள். அதை அவர் எழுதவில்லை. அதே காலத்தில் ரெய்டில் முரசு கொட்டுவதற்காகத் தோல் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொன்ன கில்டுகளும் (ஆட்டக்காரர் சங்கங்களும்) உண்டு. நீங்கள் யார், எப்படி ஆடுகிறீர்கள் என்பதைவிடப் பையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதே பெரிதாக இருந்தது. அப்படி ஒருவர் தேவைப்படுவதில் என்ன பெருமை?

நான் கார்டியன் டிரூயிட், பெரும்பாலும் மிதிக் பிளஸ். லீஜியனில் தொடங்கிய இந்த முறையில் ஐந்தே பேர்: ஒரு டேங்க், ஒரு ஹீலர், மூன்று பேர் அடிக்க. இங்கே பிளட்லஸ்ட் யாரிடமாவது இருக்க வேண்டும், இறந்தவரைச் சண்டைக்கு நடுவில் எழுப்ப ஒருவர் வேண்டும், எதிரியின் மந்திரத்தைத் தடுக்க எல்லோரும் வேண்டும். த வார் விதினில் ரோகும் வாரியரும் 15 விநாடிக்கு ஒருமுறை தடுத்தால், ஷாமன் 12 விநாடிக்கு ஒருமுறை தடுத்தார். மூன்று விநாடி வித்தியாசம் காகிதத்தில் ஒன்றுமில்லை. நான்கு மந்திரவாதிகள் ஒன்றாக நிற்கும் இடத்தில் நான் உயிரோடு இருப்பதும் இல்லாததும் அந்த மூன்று விநாடிதான். இதை எந்தச் சேதப் பட்டியலும் காட்டாது என்பதில் மட்டும் நான்குடோட்டத்தோடு எனக்கு உடன்பாடு.

மற்றபடி சமநிலைப் புலம்பலில் பாதி ஆட்டத்தின் குற்றம் அல்ல. உலகின் முதல் வரிசைக் குழுக்கள் எந்த வகுப்புகளை வைத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு, ஐந்தாம் நிலைச் சாவிக்கு ஆள் தேடுகிறவரும் அதே வகுப்புகளைத்தான் கேட்கிறார். அந்த உயரத்தில் சில சதவீதம் பெரிது. ஐந்தாம் நிலையில் தீயில் நின்று செத்தவர்தான் பட்டியலில் கடைசி, எந்த வகுப்பாக இருந்தாலும்.

வாள்முனைக்கு நடைமுறை யோசனை: அடுத்தவர் குழுவில் விண்ணப்பித்துக் காத்திருக்காதீர்கள், உங்கள் சாவியை நீங்களே போடுங்கள். தலைவர் நீங்கள் என்றால் உங்கள் வகுப்பை யாரும் நிராகரிக்க முடியாது. அதற்கு முன் டெல்வ்ஸ் என்ற சிறு நிலவறைகளில் தனியாக இறங்கிப் பழகுங்கள். ஆட்டமே ஒரு துணைவரை உங்களோடு அனுப்பும். அவர் உங்கள் எண்ணைப் பார்த்து எதுவும் சொல்லமாட்டார்.

வாள்முனை

மூவருக்கும் நன்றி. மிதிக் பிளஸ் வந்தபோது நான் ஆட்டத்திலேயே இல்லை, அதனால் தடுப்பதற்கு இவ்வளவு மதிப்பு என்று தெரியாது. ஷாமன் என்றே முடிவு செய்கிறேன், என்ஹான்ஸ்மென்ட். நான்குடோட்டம் அவர்களே, இன்றைக்கு நட்டால் விண்ட்ஃப்யூரி டோட்டம் யாருக்குப் போகும்? ரெய்டு முழுவதற்குமா, குழுவுக்கு மட்டுமா?

நான்குடோட்டம்

யாருக்கும் போகாது, அந்த டோட்டமே இப்போது இல்லை. த வார் விதின் வந்தபோது எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஸ்கைஃப்யூரி என்று ரெய்டு முழுவதற்குமான பலன் கிடைத்தது: மாஸ்டரி (வகுப்பின் தனிச் சக்தியைக் கூட்டும் பண்பு) 2% உயரும், சாதாரண அடி சில சமயம் இரட்டிக்கும். ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடலாம், மாற்றி மாற்றி நடும் வேலை இல்லை. அது வேறு எந்த வகுப்பிடமும் இல்லை என்பதால் ரெய்டுத் தலைவர் ஒரு ஷாமனையாவது தேடுவார். விண்ட்ஃப்யூரி உங்கள் சொந்த ஆயுதத்தில் மட்டும் இன்னும் அடிக்கிறது.

இரும்புக்கரடிக்கு: வெளியே நின்ற ரோகுகளுக்காக எனக்கும் வருத்தம்தான். ஆனால் முரசை என் கணக்கில் எழுதாதீர்கள், அதை நான் கொட்டியதே இல்லை.

வாள்முனை, பழைய வாரியரை அழித்துவிடாதீர்கள். கணக்கைத் திறந்ததும் அவருடைய நிலை குறைந்திருப்பதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். 2020-இல் எல்லோரையும் சுருக்கினார்கள், 120-இல் இருந்தவர்களே 50 ஆனார்கள். உங்கள் 85 அந்த எண்ணில் இருக்காது.