ஷியர் பட்டை எப்போதும் பெட்டியின் விளிம்பிலேயே விழுகிறது, உதவுங்கள்

துகள்_80: லாம்ப்ஸ் என்ற துகள் உருவகப்படுத்தல் மென்பொருளில் கண்ணாடித் திண்மத்தை (ஒழுங்கற்று உறைந்த துகள்கள்) ஷியர் செய்கிறேன், அதாவது பெட்டியைப் பக்கவாட்டில் சாய்க்கிறேன். எந்த மாதிரியை ஓட்டினாலும் பட்டை (சறுக்கல் குவியும் மெல்லிய அடுக்கு) பெட்டியின் மேல் விளிம்பை ஒட்டியே விழுகிறது. சீட் (தற்செயல் எண்களின் தொடக்க எண்) மாற்றினாலும் அதே கதை. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். அவசரம்.

நெகிழி: என்ன பொட்டென்ஷியல் (துகள்களுக்கு இடையிலான ஆற்றல் சூத்திரம்)? எத்தனை துகள்? வெப்பநிலை உண்டா, இல்லை ஒவ்வொரு படிக்கும் ஆற்றலை மினிமைஸ் செய்கிறீர்களா (குறைந்தபட்சத்துக்கு இறக்குகிறீர்களா)? ஷியர் செய்யும் வரியை இங்கே போடுங்கள்.

வெட்டுத்தூரம்: வரியே வேண்டாம், பொட்டென்ஷியலை 2.5 சிக்மா (துகள் விட்டம்) தூரத்தில் சட்டென்று வெட்டியிருப்பீர்கள். ஆற்றலை மட்டும் நகர்த்தினால் விசை அந்த இடத்தில் துள்ளும், மினிமைசர் பாதியில் நின்றுவிடும். விசையும் பூஜ்யத்துக்கு இறங்கும் வடிவத்துக்கு மாறுங்கள்.

துகள்_80: காப்–ஆண்டர்சன் (இருவகைத் துகள் கலவை) 80:20, அடர்த்தி 1.2, 4000 துகள். பூஜ்ய வெப்பநிலை. படிக்கு 0.001 திரிபு. வரி இதுதான்: சேஞ்ச்_பாக்ஸ் ஆல் எக்ஸ்ஒய் டெல்டா 0.0149 யூனிட்ஸ் பாக்ஸ். அப்புறம் மினிமைஸ் 1e-4 1e-6. பட்டையை ஓவிட்டோ என்ற காட்சி மென்பொருளில் டி²மின் (ஒரு துகள் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாமல் எவ்வளவு நகர்ந்தது என்ற அளவு) போட்டுப் பார்த்தேன்.

பழைய_கை: கட்டளையின் ஆவணப் பக்கத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. ரீமேப் எங்கே? அது இல்லாவிட்டால் பெட்டி மட்டும்தான் சாயும், துகள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே உள்ள பிம்பப் பெட்டி (எல்லைக்கு அப்பால் திரும்ப வரும் அதே பெட்டியின் நகல்) மட்டும் நகர்வதால் மொத்தச் சறுக்கலும் எல்லையில் விழுகிறது. இதெல்லாம் அடிப்படை.

நெகிழி: அவர் சொல்வது சரி. கூடவே டாலரன்ஸும் (மினிமைசர் எப்போது நிற்கலாம் என்ற வரம்பு) தளர்வு. எல்லையில் விழுந்த சறுக்கலைப் பெட்டி முழுக்கப் பரப்புவதற்குள் உங்கள் மினிமைசர் நின்றுவிடுகிறது. ஆற்றல் டாலரன்ஸை 0 ஆக்கி, விசைக்கு 1e-10 கொடுங்கள். படியையும் 0.0001 ஆகக் குறையுங்கள். பெரிய படி வைத்தால் அடுத்தடுத்த சரிவுகள் (துகள்கள் திடீரெனக் கூட்டமாக இடம் மாறுவது) ஒன்றாகக் கலந்துவிடும்.

வெட்டுத்தூரம்: வெட்டையும் பாருங்கள். லாகில் லைன்சர்ச் ஆல்ஃபா பூஜ்யம் (மினிமைசரால் மேலும் நகர முடியவில்லை) என்று வந்தால் நான் சொன்னதும் இருக்கிறது.

உருகுநிலை: இதையெல்லாம் சரிசெய்தாலும் நொடியில் குளிர்வித்த மாதிரியில் கூர்மையான பட்டையே வராது. ஷியர் தகைவு உச்சம் தொடாமல் நேராகச் சமதளத்துக்குப் போய்விடும். ஸ்வாப் மான்டே கார்லோவில் (வேறு அளவுத் துகள்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பார்க்கும் முறை) பதப்படுத்தினால்தான் உண்மையான கண்ணாடி.

நெகிழி: இந்தக் கலவையில் ஸ்வாப் ஓடாது. இரண்டு வகைத் துகளுக்கும் அளவு வித்தியாசம் அதிகம், இடமாற்றம் ஏற்கப்படுவதே அபூர்வம். பல அளவுத் துகள் கொண்ட மாதிரிக்குத்தான் அது பலன் தரும்.

உருகுநிலை: அப்படியானால் மாதிரியை மாற்றட்டும். ரிப்பன் உலோகக் கண்ணாடியையே ஆய்வகத்தில் நொடிக்கு சுமார் 10 லட்சம் கெல்வின் வேகத்தில் குளிர்விக்கிறார்கள். சாதாரண மூலக்கூறு இயக்கவியலில் நாம் அதைவிடப் பல மடங்கு வேகம். அந்த மாதிரியை வைத்துக்கொண்டு உடைவதைப் பற்றி எப்படிப் பேசுவது?

பழைய_கை: கேட்டவருக்கு விளிம்பில் பட்டை வருவதுதான் பிரச்சினை. குளிர்விப்பு பற்றித் தனி இழை தொடங்குங்கள்.

துகள்_80: ரீமேப், டாலரன்ஸ் இரண்டும் மாற்றினேன். பட்டை இப்போது மாதிரிக்கு மாதிரி வேறு உயரத்தில் வருகிறது. உச்சம் மட்டும் ரொம்பச் சின்னது. நன்றி.

நெகிழி: உச்சம் குளிர்வித்த வேகத்தைப் பொறுத்தது. எந்த வெப்பநிலையிலிருந்து இறக்கினீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தீர்கள்?